மலை இறங்கினால் கார் சில்லு கறுப்பது ஏன்?

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கிப் பாருங்கள், முன்சில்லுகள் கறுத்திருக்கும். அதுதான் பிரேக் தூள்: சில்லோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கும், பிரேக் மிதித்ததும் அதை அழுத்தும் பிரேக் பேடும் உரசித் தேய்ந்து உதிரும் பொடி. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும்போது ஈரத் தரையில் விழும் இரும்புத்தூள், மறுநாள் செம்புள்ளியாகி, தேய்த்தாலும் போகாது அல்லவா? இங்கும் அதே கதைதான். சூடாக வந்து ஒட்டும் துகள், நம்மூர் மழையிலும் பனியிலும் துருப்பிடித்து மேற்பூச்சையே அரிக்கும்.

சில்லு நன்றாக ஆறட்டும். முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள், அப்புறம் கார் ஷாம்பு, மென்மையான பிரஷ். காய்ந்ததும் சில்லில் மெழுகு பூசினால் அடுத்தமுறை தூள் லேசாகக் கழன்றுவிடும். டிஸ்க்கில் மட்டும் மெழுகு படவே கூடாது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வந்தால் தூளே குறையும்.

சில்லு கறுத்தாலே பிரேக் பழுது என்று பலர் பயப்படுகிறார்கள். இரண்டு முன்சில்லும் ஒரேயளவு கறுப்பது சாதாரணத் தேய்மானம்தான், ஒன்று மட்டும் அதிகம் கறுத்தால் கராஜில் காட்டுங்கள்.