லிங்க் போட்டது நீங்க, கமிஷன் யாருக்கு? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

போன வாரம் நம்ம குழுவுல ஒரு அக்கா மிக்ஸி லிங்க் போட்டாங்க, அதைக் கிளிக் பண்ணினவங்களுக்கு அட்ரஸ் பார்ல அக்கா போடாத ஒரு வால் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, உடனே "காசு வாங்கிட்டு எழுதுறாங்க"ன்னு நாலு பேர் கிளம்பிட்டாங்க. பாவம், அக்காவுக்கு அஃபிலியேட்னா என்னன்னே தெரியாது. நம்ம குழு நடக்கிற சைட்ல அட்மின் மாட்டி வெச்ச ஸ்கிரிப்ட், அதாவது கடை லிங்க்கைத் தானா கமிஷன் லிங்க்கா மாத்தற குட்டி புரோகிராம், பண்ணின வேலை அது. சைட்டுகளுக்கு இந்த மாதிரி ஸ்கிரிப்ட் மாட்டிக் கொடுக்கிற வேலையில நான் ஆறு வருஷம் இருந்தேன், இப்ப வேற வேலை. அதனால யாருக்கும் பயப்படாம பேசலாம். கேளுங்க.

சேலத்துக்காரன்: அண்ணே, முதல்ல அடிப்படையா சொல்லுங்க, அஃபிலியேட் லிங்க்னா என்ன?

வீட்டு புரோக்கர் கதைதான் தம்பி. ஆள் கூட்டிட்டு வந்தவனுக்கு கடைக்காரன் கமிஷன் தர்றான். அமேசான் இதை 1996லயே ஆரம்பிச்சிருச்சு. லிங்க் கடைசியில டேக்னு ஒரு சொல் வரும், அதுக்குப் பின்னாடி ஒரு பேர், நம்ம ஊர் அமேசான்னா அந்தப் பேர் 21ல முடியும். அதைக் கிளிக் பண்ணினதுல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள நீங்க எதை வாங்கினாலும் அந்தப் பேருக்குக் கணக்கு. எதை வாங்கினாலும்னு சொன்னதை கவனிங்க, புக் லிங்க்ல உள்ள போய் குக்கர் வாங்கினாலும் குக்கருக்கும் கமிஷன் போகும்.

ஃபில்டர்காபி: லிங்க் மேல மவுஸ் வெச்சா சுத்தமாதான் தெரியுது, கிளிக் பண்ணினா மட்டும் மாறுது. எனக்குதான் கண்ணு தெரியலையா?

கண்ணு நல்லாதான் இருக்கு. இது அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பேஜ்ல ஒரு ஜாவாஸ்கிரிப்ட் உக்காந்திருக்கும், நீங்க கிளிக் பண்ற அந்த நொடியில அது லிங்க்கைப் பிடிச்சு முதல்ல இடைத்தரகர் கம்பெனி சர்வருக்கு அனுப்பும், அங்க டேக் ஒட்டி கடைக்குத் தள்ளிவிடும். போஸ்ட்ல எழுதினது எழுதினபடியே இருக்கும், போட்டவங்க திரும்ப வந்து பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. லண்டன்ல ஆரம்பிச்ச ஸ்கிம்லிங்க்ஸ், சான்ஃபிரான்சிஸ்கோவுல 2009ல ஆரம்பிச்ச விக்லிங்க், இந்த ரெண்டும்தான் இதுல பெரிய ஆளுங்க. விக்லிங்க்கை 2018ல சோவர்ன்ங்கிற விளம்பரத் தொழில்நுட்பக் கம்பெனி வாங்கிருச்சு. ஸ்கிம்லிங்க்ஸ் வர்ற கமிஷன்ல 25 சதவீதம் எடுத்துக்கிட்டு மீதி 75ஐ சைட்டுக்குக் கொடுக்கும். இவங்களால சைட்காரருக்கு என்ன லாபம்னா ஆயிரம் கடைகிட்ட தனித்தனியா போய் கையெழுத்து போட வேணாம், ரெண்டு வரி கோட் ஒட்டினா போதும், பழைய போஸ்ட் உட்பட மொத்த சைட்டும் காசு பண்ண ஆரம்பிச்சிரும்.

தாம்பரம் தங்கம்: எனக்கு விலை கூடுமா? அது ஒண்ணுதான் கேள்வி.

கூடாது. கடைக்காரர் விளம்பரச் செலவுல இருந்துதான் போகுது.

ஆனா ஒரு இடத்துல உங்க காசு நிஜமாவே போகும், அதை யாரும் சொல்றதில்லை. நீங்க ஒரு கேஷ்பேக் ஆப் வழியா கடைக்குள்ள போயிருக்கீங்க, வாங்கறதுக்கு முன்னாடி ரிவ்யூ படிக்கலாம்னு இங்க வந்து ஒரு லிங்க்கைத் தட்டுறீங்க. பெரும்பாலான கடையில கடைசியா தட்டின லிங்க்குக்குத்தான் கமிஷன். கேஷ்பேக் ஆப் தனக்கு வர்ற கமிஷன்ல இருந்துதான் உங்களுக்குத் தருது, அப்ப உங்க கேஷ்பேக் அம்போ. கேஷ்பேக் கம்பெனிக்கு போன் பண்ணி சண்டை போட்டாலும் "டிராக் ஆகலை சார்"னுதான் சொல்லுவாங்க, அவங்க சொல்றது உண்மையும்கூட.

கோவை குசும்பு: விலையும் ஏறலை, லிங்க்கும் வேலை செய்யுது, அப்புறம் எதுக்கு இவ்ளோ ஒப்பாரி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். ஆபீஸ்ல எங்க சேல்ஸ் ஆளும் இதையேதான் ஒவ்வொரு மீட்டிங்லயும் கேப்பார், எனக்கு அப்ப பதில் தெரியலை.

2012 பிப்ரவரில நடந்ததைப் பாருங்க. படங்களைச் சேர்த்து வைக்கிற பின்ட்ரெஸ்ட் சைட் அப்பதான் வளர்ந்துட்டு இருந்துச்சு, அது யூசர் போடற லிங்க்கை எல்லாம் ஸ்கிம்லிங்க்ஸ் வழியா திருப்பி விடுதுன்னு ஒரு பிளாக்கர் கண்டுபிடிச்சு எழுதிட்டார். சட்டப்படி தப்பு இல்ல, விலை ஏறலை, யாருக்கும் பத்து பைசா நஷ்டம் இல்ல. ஆனாலும் ஊரே பேசுச்சு, ஏன்னா அவங்க சைட்ல சொல்லவே இல்ல. அப்புறம் அதை நிறுத்திட்டோம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு 2016 ஜூன்ல ரெட்டிட்ங்கிற அரட்டை சைட் அதே மாதிரி விக்லிங்க்கை வெச்சு டெஸ்ட் பண்ணுச்சு, ஆனா முன்கூட்டியே போஸ்ட் போட்டு இன்ன மாதிரி பண்ணப் போறோம், ஏற்கனவே டேக் இருக்கிற லிங்க்கைத் தொட மாட்டோம், பிடிக்கலைன்னா செட்டிங்க்ஸ்ல போய் ஆஃப் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டுதான் ஆரம்பிச்சாங்க. அங்கயும் திட்டு விழுந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா "திருட்டுத்தனமா பண்ணிட்டாங்க"ன்னு ஒருத்தரும் சொல்ல முடியலை பாருங்க.

நம்ம அக்கா விஷயத்துக்கு வாங்க. ஒருத்தர் அஞ்சு வருஷம் யூஸ் பண்ணின பொருளை நல்லா இருக்குன்னு சொல்றது, காசுக்குச் சொல்ற மாதிரி வெளிய தெரிஞ்சா போற பேர் யாருது? அட்மினுது இல்ல, எழுதினவங்களுது. வருமானம் சைட்டுக்கு, பழி எழுதினவங்களுக்கு. எனக்கு உறுத்தறது இது ஒண்ணுதான்.

நெல்லை அல்வா: "இந்த மிக்ஸியை வாங்காதீங்க, மோட்டார் புகையுது"ன்னு போட்டா அந்த லிங்க்குக்கும் கமிஷனா?

ஆமா. ஸ்கிரிப்டுக்குத் தமிழ் தெரியாது. திட்டினாலும் காசு, புகழ்ந்தாலும் காசு. உள்ள போனவர் அதை விட்டுட்டு பக்கத்துல இருக்கிற மிக்ஸியை வாங்கினாலும் காசுதான். இதனாலதான் "ஆட்டோ லிங்க் வந்தா அட்மின் திட்டற போஸ்டை அழிச்சிருவார்"ங்கிற பயம் ஓரளவுக்கு ஓவர்னு நினைக்கிறேன். அதைவிட நான் கண்ணால பார்த்த பிரச்சனை வேற. நாங்க ஸ்கிரிப்ட் மாட்டிக் கொடுத்த ஒரு சைட்ல, பேர் வேணாம், மூணு மாசத்துல "எது வாங்கலாம்"ங்கிற கேள்வி எல்லாம் மேல ஏறிருச்சு, "எப்படி ரிப்பேர் பண்றது"ங்கிற கேள்வி எல்லாம் கீழ இறங்கிருச்சு. யாரும் எதையும் அழிக்கலை, போஸ்டை மேல பின் பண்ணி வைக்கிற அட்மின் கை மட்டும் காசு வர்ற பக்கம் தானா சாஞ்சிருச்சு.

பிளாக்கர் பாட்டி: தம்பி, நான் சின்னதா அஃபிலியேட் வெச்சிருக்கேன். என் டேக்கையே மாத்திட்டா?

அது கமிஷன் இல்லம்மா, பிக்பாக்கெட். ஒழுங்கான செட்டிங்ல ஏற்கனவே இருக்கிற டேக்கைத் தொடக்கூடாது. ஆனா நடந்திருக்கு. 2010ல லைவ்ஜர்னல்ங்கிற பிளாக் சைட்ல வெளிய போற லிங்க்கைத் திருப்பி விட்ட ஸ்கிரிப்ட் யூசர்களோட சொந்த டேக்கையே மாத்துதுன்னு கண்டுபிடிச்சு பெரிய ரகளை ஆச்சு. 2024 டிசம்பர்ல பிரவுசர்ல மாட்டிக்கிற ஹனிங்கிற கூப்பன் எக்ஸ்டென்ஷன் மேல ஒரு யூடியூபர் இதே குற்றச்சாட்டைத்தான் வெச்சார், பில் போடற நேரத்துல கூப்பன் தேடறேன்னு பாப்அப் காட்டி அடுத்தவங்க கமிஷனைத் தன் பேர்ல எழுதிக்குதுன்னு. பேபால் கிட்டத்தட்ட 400 கோடி டாலர் கொடுத்து வாங்கின கம்பெனி அது. அதுக்கப்புறம் 2025 மார்ச்ல கூகுள், குரோம் எக்ஸ்டென்ஷன்கள் யூசருக்கு ஒரு பலனும் தராம அஃபிலியேட் கோடை நுழைக்கக் கூடாதுன்னு விதியை இறுக்கிருச்சு.

பிரைவசி பேசற பிரேவ் பிரவுசரே 2020 ஜூன்ல மாட்டுச்சு. அட்ரஸ் பார்ல பைனான்ஸ்னு (Binance) கிரிப்டோ சைட் பேரை அடிச்சா தன்னோட ரெஃபரல் கோடைச் சேர்த்து ஆட்டோகம்ப்ளீட் பண்ணுச்சு. தலைவர் பிரெண்டன் ஐக் தப்புதான்னு ஒத்துக்கிட்டு நிறுத்தினார்.

சேலத்துக்காரன்: ஜெயில் வரைக்கும் போனவங்க இருக்காங்களா அண்ணே?

இருக்காங்க, ஆனா அது இந்த டைப் இல்ல. டிஜிட்டல் பாயிண்ட்னு வெப்மாஸ்டர்கள் கூடற ஒரு சைட் நடத்தின ஷான் ஹோகன், கிளிக்கே பண்ணாதவங்க பிரவுசர்ல இபே கடையோட குக்கியை, அதாவது ஆளை அனுப்பினது யாருன்னு கடை வெச்சுக்கிற குறிப்பை, நுழைச்சார். இபேகிட்ட சுமார் 2.8 கோடி டாலர் கமிஷன் வாங்கியிருந்தார், 2014ல அஞ்சு மாசம் ஜெயில். இங்க குறைஞ்சபட்சம் நீங்க நிஜமா கிளிக் பண்றீங்க, அந்த வித்தியாசம் இருக்கு.

தாம்பரம் தங்கம்: நான் என்ன வாங்கினேன்னு அட்மினுக்குத் தெரியுமா? சில பொருள் எல்லாம்... புரியுதில்ல?

புரியுது புரியுது. அமேசான் ரிப்போர்ட்ல என்னென்ன பொருள் வித்துச்சுன்னு வரும், யார் வாங்கினாங்கன்னு வராது. அதனால நிம்மதியா தூங்குங்க. ஆனா சின்ன குழுவா இருந்து, "இன்னைக்கு ஏர்ஃபிரையர் வாங்கிட்டேன்"னு நீங்களே போஸ்ட் போட்டா அதே நேரத்துல வாங்கின மத்ததையும் ஊகிக்கலாம். நடுவுல இருக்கிற கம்பெனி விஷயம் வேற, எந்தப் பேஜ்ல இருந்து எந்த லிங்க்கைத் தட்டினீங்கன்னு அவங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி வாங்கற ஆர்வத்தைத் தரம் பிரிச்சு விளம்பரக் கம்பெனிகளுக்கு விக்கறதும் அவங்க பிசினஸ்ல ஒரு பகுதி. என்னைக் கேட்டா கமிஷனை விட இதுக்குத்தான் நீங்க கோவப்படணும்.

ஃபில்டர்காபி: நம்ம ஊர்ல இதுக்குச் சட்டம் இருக்கா?

இந்திய விளம்பரத் தர கவுன்சில் (ASCI) 2021லயே இன்ஃப்ளூயன்ஸருக்கு விதி போட்டுச்சு, நுகர்வோர் துறை 2023 ஜனவரில தனியா ஒரு வழிகாட்டி விட்டுச்சு. கம்பெனியோட பண உறவு இருந்தா தெளிவா, பார்த்ததும் தெரியற மாதிரி சொல்லணும்னு. தப்பா வழிநடத்தற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணினா 50 லட்சம். ஆனா அது எல்லாம் பேர் தெரிஞ்ச ஆள் சிபாரிசு பண்றதை மனசுல வெச்சு எழுதினது. எழுதினவங்களுக்கே தெரியாம லிங்க் மாறுற கேஸுக்கு அது சரியா பொருந்தாது. எழுதினவங்க காசு வாங்கலை, அதனால சொல்ற பொறுப்பு காசு வாங்கற அட்மினுக்குத்தான்னு நான் சொல்லுவேன். அமேசானே தன் அஃபிலியேட்டுங்க வெளிப்படையா சொல்லணும்னு கண்டிஷன் போட்டிருக்கு.

அட்மின்: நானே கேக்கறேன். சர்வர் பில் மாசாமாசம் வருது, கட்டறது நான். நான் என்னதான் பண்ணணும்?

சார், உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. பேனர் விளம்பரம் போட்டு கண்ணைக் குத்தறதுக்கு இது எவ்வளவோ மேல். ஒரு போஸ்ட் போடுங்க, இந்த தேதியில இருந்து கடை லிங்க்ல கமிஷன் வருது, சைட் செலவுக்குப் போகுதுன்னு. போஸ்ட் போடற பெட்டிக்குக் கீழயே ஒரு வரி இருக்கட்டும், எங்கயோ கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல வேணாம். மாறின லிங்க் பக்கத்துல சின்னதா ஒரு குறி போட்டீங்கன்னா இந்த மிக்ஸி சண்டையே வந்திருக்காது. ஆஃப் பண்ற பட்டன் கொடுங்க, பத்து பேர் கூட அமுக்க மாட்டாங்க, ஆனா அது இருக்கணும். முடிஞ்சா மாசக் கடைசியில எவ்வளவு வந்துச்சுன்னு போடுங்க, கோயில் திருவிழா வரவு செலவு நோட்டீஸ் ஒட்டற மாதிரி.

கோவை குசும்பு: சரி, நாங்களே வாலை வெட்டறது எப்படி?

அமேசான் லிங்க்ல டிபின்னு ரெண்டு எழுத்து வரும், அதுக்கப்புறம் பத்து எழுத்து, அதுதான் பொருளோட நம்பர். அதுக்குப் பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு திறந்தா போதும். ஃபிளிப்கார்ட்ல அஃப்ஐடின்னு (affid) வரும், அதை எடுத்துருங்க. கிளிக் பண்ணும்போது மாத்தற ஸ்கிரிப்டை யூபிளாக் ஆரிஜின் மாதிரி விளம்பரத் தடுப்பான் போட்டாலே பெரும்பாலும் தடுத்திரும், இல்லைன்னா லிங்க்கை காப்பி பண்ணி புது டேப்ல ஒட்டுங்க.

மிக்ஸி அக்கா: தம்பி, என் லிங்க்ல இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கும்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

அக்கா, மிக்ஸி 3000 ரூபான்னு வெச்சுக்குவோம், கமிஷன் நாலு சதவீதம்னு பேச்சுக்கு வெச்சா 120, அதுல தரகர் 30 எடுத்தா சைட்டுக்கு 90. உங்க போஸ்டைப் பார்த்து ரெண்டு பேர் வாங்கியிருந்தா கூட 180 ரூபா, அதுக்குத்தான் உங்களை அவ்ளோ பேச்சு பேசினாங்க. அது கிடக்கட்டும், அந்த சட்னி ஜார் லீக் ஆகுதான்னு யாருமே கேக்கலை. எங்க வீட்டுல பழசு போயிருச்சு, நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நாளைக்கே ஆர்டர் போடறேன்.

மிக்ஸி அக்கா: லீக் எல்லாம் இல்லப்பா. ஆனா மூடி கொஞ்சம் டைட்டு, ரெண்டு கையால திருகணும்.