மாற்றுத்திறனாளிகளும் வேலைக்கான தயாரிப்பும்: கேள்வி பதில்

பார்வையில்லை, பி.காம். முடித்திருக்கிறேன். அலுவலக வேலைக்குக் கம்ப்யூட்டரில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மவுஸைத் தொடாமல் முழு நாளும் வேலை பார்க்கிற அளவுக்கு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ இலவசம், அதிலிருந்தே தொடங்குங்கள். இணையப் பக்கத்தில் எச் விசையால் தலைப்புகளுக்குத் தாவுவது, இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து இணைப்புப் பட்டியலை எடுப்பது, எக்செல்லில் கன்ட்ரோலும் அம்புக்குறியுமாக அட்டவணையின் ஓரத்துக்குப் போவது, எஃப்2 அழுத்திக் கட்டத்தைத் திருத்துவது: இவை யோசிக்காமல் கைக்கு வர வேண்டும். பேச்சு வேகத்தையும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு மாட்டுகிற இடங்கள் மூன்று. ஒன்று, ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது வெறும் படம். இன்சர்ட்டும் ஆர்-உம் அழுத்தினால் அதிலிருந்து எழுத்தை எடுத்துப் படிக்கும், ஆனால் எண்களில் தவறலாம், சரிபார்க்காமல் கணக்கில் ஏற்றாதீர்கள். இரண்டு, பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள், அதனால் என்விடிஏ உளறும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றப் பழகி வையுங்கள். மூன்று, நிறுவனத்தின் சொந்த மென்பொருள். பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் கேட்கும். சேருவதற்கு முன்பே அரை மணி நேரம் அதை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

எந்தக் கோர்ஸ் படித்தால் உடனே வேலை கிடைக்கும்?

உங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வரக்கூடிய வேலைகள் எவை என்று முதலில் எழுதுங்கள். கோர்ஸ் அதற்குப் பிறகு.

மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு. பேக்கிங் வேலை கற்றுத்தருகிறோம். வீட்டில் அழகாகச் செய்கிறான், யூனிட்டில் போய் நின்றுவிடுகிறான்.

அநேகமாக நீங்கள் பக்கத்தில் நின்று ‘அடுத்து என்ன?’ என்று கேட்டிருப்பீர்கள். அவனுக்கு அந்தக் கேள்வியும் வேலையில் ஒரு படியாகிவிட்டது. கேட்டால்தான் கை நகரும். யூனிட்டில் கேட்க ஆளில்லை.

வேலையைப் படிகளாக உடையுங்கள்: அட்டையை விரி, அடியை மடி, டேப் ஒட்டு, பொருளை வை, எண்ணு, மூடு, லேபிள் ஒட்டு, அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுத்து வரிசையாக மேசையில் ஒட்டுங்கள். கையைப் பிடித்துச் செய்வதில் தொடங்கி, தொட்டுக் காட்டுவது, விரல் நீட்டுவது, பிறகு படம் மட்டும் என்று உதவியைக் குறையுங்கள். கடைசியில் உங்கள் நாற்காலியையும் அறைக்கு வெளியே போடுங்கள். எண்ணுவது சிரமமென்றால் பத்துக் குழி போட்ட தட்டு வையுங்கள்; குழி நிறைந்தால் பத்து. முடிந்தால் யூனிட்டிலேயே பழக்குங்கள். அங்குள்ள சத்தமும் மேஸ்திரியின் குரலும் வீட்டில் இல்லை.

பஸ் பயணத்தையும் இப்படியே படிகளாகச் சொல்லிக்கொடுங்கள். ‘பஸ் வராவிட்டால் யாருக்குப் போன் செய்வது’ என்பதும் அதில் ஒரு படி.

ஒரு ஏஜென்சி டெபாசிட்டும் ஒரிஜினல் சான்றிதழும் கேட்கிறது. தரலாமா?

தராதீர்கள். வேலை தருகிறவர் பணம் வாங்க மாட்டார். ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடிக்கும் இதுவேதான்.

ரெஸ்யூமேவில் குறைபாட்டைப் போடலாமா?

விண்ணப்பம் எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் போகிறீர்கள், அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமுக்குப் போகிறீர்கள் என்றால் போட்டே ஆக வேண்டும். ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். பொதுவான தனியார் விண்ணப்பத்தில் போட வேண்டியதில்லை. நேர்காணலுக்கு அழைத்த பிறகு, அங்கே வசதி ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்.

ஹெச்ஆரில் இருக்கிறேன். கடைசி நேரத்தில் சொன்னால் எங்களை ஏமாற்றியதாகத்தானே ஆகும்?

ஆகாது. ரெஸ்யூமே மருத்துவப் படிவமில்லை. படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதக் கூடாது, அவ்வளவுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த 2017 விதிகளின்படி, தனியார் உட்பட எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அது சுவரில் தொங்குகிறதா, வலைத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் விண்ணப்பிப்பவர் முதலிலேயே சொல்லத் துணிவார்.

அப்படியானால் வலிப்பு இருப்பவரும் சொல்ல வேண்டாமா?

ஓடும் இயந்திரம், உயரம், வண்டி ஓட்டுவது என்றால் சேருவதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்; உயிர் போகிற விஷயம். மேசை வேலையில் உடன் இருப்பவர் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருக்கட்டும்: ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது.

சொல்லும்போது நோயின் பெயரோடு நிறுத்தாதீர்கள், தேவையைச் சொல்லுங்கள். “எனக்குக் காது கேட்காது. கேள்விகளை எழுதிக் காட்டினால் அல்லது சைகைமொழிபெயர்ப்பாளர் இருந்தால் பதில் சொல்வேன்” என்றால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியும். “காது கேட்காது” என்று மட்டும் நிறுத்தினால் அவர் பயந்துபோவார்.

வேலையில் சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடுமா?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

சம்பளம் 23,000. இஎஸ்ஐ கிடையாது என்கிறார்கள்.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்குப் பொதுவான சம்பள வரம்பு மாதம் 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. சான்றோடு போய்க் கேளுங்கள்.

அக்கா, டேலி படிக்கவா, டேட்டா என்ட்ரி படிக்கவா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். பயிற்சி மையம் ‘நூறு சதவீத வேலை’ என்றால், சென்ற ஆண்டு முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச வழிசெய்யச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். அங்கேயும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ‘லிப்ட் இருக்கிறது, வாருங்கள்’ என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

லிப்ட் இருக்கும், அதற்கு முன்னால் வாசலில் மூன்று படியும் இருக்கும். கழிப்பறைக் கதவுதான் பெரும்பாலும் சிக்கல். உங்கள் நாற்காலியின் அகலத்தைச் சக்கர வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து அளந்து, கை வைக்க இருபுறமும் இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து மேசை வரை, பிறகு மேசையிலிருந்து கழிப்பறை வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவுச் சட்டங்களுக்கு நடுவே டேப்பை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.