மிரர் இருந்தும் மாற்றுத் தளத்தில் டேட்டாபேஸ் ஏன் எழவில்லை?

கேள்வி இதுதான்: மெயின்பிரேமில் பிபிஆர்சி சிங்க்ரனஸ் மிரரிங் (டிஸ்க்கில் எழுதுவதை அப்போதே மாற்றுத் தள டிஸ்க்கிலும் எழுதும் முறை) ஓடியது, ஸ்டோரேஜ் பழுதானது, ஆனால் மாற்றுத் தளத்தின் டிஸ்க்கிலிருந்து டிபி2 டேட்டாபேஸை எழுப்ப முடியவில்லை. ஏன்?

பழுது ஒரே நொடியில் நடந்து முடிவதில்லை. முதலில் இரு தளங்களுக்கிடையே ஒரு லிங்க் அறும், சில நிமிடம் கழித்து இன்னொன்று. டிபி2 முதலில் லாக் (மாற்றங்களின் பதிவு) எழுதும், அது முடிந்த பிறகே டேட்டா பக்கத்தை எழுதும். லாக் வால்யூமின் ஜோடி (முதன்மை டிஸ்க் வால்யூமும் அதன் மாற்றுத் தள நகலும்) சஸ்பெண்ட் ஆகி, அதாவது நகலெடுப்பு நின்று, டேட்டா வால்யூமின் ஜோடி மட்டும் நகலெடுத்துக்கொண்டிருந்தால், மாற்றுத் தளத்துக்கு லாக் இல்லாத மாற்றங்கள் போய்ச் சேரும். வால்யூம்களைத் தனித்தனியாகப் பார்த்தால் குறையே தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் பொருந்தாது. சில நிமிட ரீஸ்டார்ட்டில் முடிய வேண்டிய வேலை, இமேஜ் காப்பி எனும் பேக்கப்பிலிருந்து மணிக்கணக்காக மீட்கும் வேலையாகிவிடும்.

முதல் ஜோடி அறுந்ததுமே எல்லா ஜோடிகளையும் ஒருசேர நிறுத்திவிட வேண்டும். அதுதான் ஃப்ரீஸ். இதற்கு ஒவ்வொரு எல்எஸ்எஸ் (ஸ்டோரேஜில் வால்யூம்களின் தொகுப்பு) ஜோடிக்கும் பாத் (நகலெடுக்கும் வழி) அமைக்கும்போதே சிகுரூப் யெஸ் என்ற அமைப்பைக் கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அறுந்த வால்யூம் லாங் பிஸி (எழுதுவதைக் காக்கவைக்கும்) நிலைக்குப் போகும். மெயின்பிரேமின் சிகேடி வகை டிஸ்க்கில் அது இயல்பாக 120 நொடி நீடிக்கும். அதற்குள் ஆட்டோமேஷன் ஜோடி அறுந்ததைச் சொல்லும் ஐஇஏ494ஐ செய்தியைப் பிடித்து, எல்லா எல்எஸ்எஸ்ஸுக்கும் ஃப்ரீஸ் அனுப்பி, பிறகு ரன் கொடுத்து, காத்திருக்கும் டிஸ்க் எழுத்தை விடுவிக்க வேண்டும். நேரம் தாண்டினால் எழுத்து தானாகத் தொடரும், வரிசை போய்விடும். ஒரே ஒரு எல்எஸ்எஸ் பட்டியலில் விடுபட்டாலும் இதே கதிதான்.

ஆட்டோமேஷன் ஓடும் எல்பாரின் (மெயின்பிரேமின் ஒரு பிரிவு) டிஸ்க்கை மிரரில் வைக்காதீர்கள். ஃப்ரீஸ் கொடுக்கும்போது அதுவே உறைந்துவிடும். சிஸ்ப்ளெக்ஸ் (சேர்ந்து இயங்கும் மெயின்பிரேம் சிஸ்டங்கள்) கப்புள் டேட்டாசெட்டுகளும், அதாவது அவற்றின் பொதுக் கட்டுப்பாட்டுக் கோப்புகளும் அப்படியே. லாகர் எனும் லாக் சேமிப்புச் சேவையுடையது மட்டும் விலக்கு, அது தன் லாக் டேட்டாவோடு சேர்ந்தே மிரராக வேண்டும்.

ஃப்ரீஸுக்குப் பிறகு புரொடக்ஷனைத் தொடரவிடுவதா, நிறுத்துவதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். தொடர்ந்தால், அதற்குப் பிந்தைய டேட்டா முதன்மைத் தளத்தில் மட்டுமே இருக்கும். ஒரு பரிவர்த்தனைகூட இழக்கக்கூடாத பணப் பரிமாற்ற அமைப்பு என்றால் நிறுத்துவதே என் தேர்வு.

பலரும் சறுக்குவது, நின்ற ஜோடிகளைத் திரும்ப ஒத்திசைக்கும் ரீசிங்கில்தான். மாறிய டிராக்குகள் எழுதப்பட்ட வரிசையில் போவதில்லை. எல்லா ஜோடியும் டூப்ளெக்ஸ் (முழுதாக ஒத்த நிலை) ஆகும்வரை மாற்றுத் தளப் பிரதி பயன்படாது; அந்த நேரத்தில் முதன்மை டிஸ்க் விழுந்தால் கையில் ஒன்றுமே இருக்காது. அதனால் ரீசிங்குக்கு முன்பே அங்கே ஃப்ளாஷ்காப்பி (அந்தக் கணத்து நகல்) எடுங்கள், அதற்கான வால்யூம்களை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஃப்ரீஸ் பாத்களை நீக்கிவிடும் என்பதால் அவற்றைத் திரும்ப அமைக்கும்போது சிகுரூப் யெஸ்ஸை மறக்காதீர்கள்.