கட்டிலை எங்கே போடலாம் என்று பேசிவிட்டோம்

கேள்வி: ஐயா, முதன்முதலாக வீடு வாங்கப் போகிறோம். பல வீடுகளைப் பார்த்து அலுத்த பிறகு ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே, "கட்டிலை இந்தச் சுவரோரம் போட்டுக்கொள்ளலாம்" என்று நானும் என் மனைவியும் பேசிவிட்டோம். அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தரகர் கேட்டார், அதையும் சொல்லிவிட்டோம். குடியிருக்கும் வாடகை வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது உரிமையாளர் ஒரு காசுகூடக் குறைக்க மாட்டேன் என்கிறார். இனி பேரம் பேச வழி உண்டா?

பதில்: உண்டு. முன்பணம் கொடுக்கவில்லை அல்லவா? அதுவரை எதுவும் கைமீறிப் போய்விடவில்லை.

நான் 19 ஆண்டுகள் வீட்டுத் தரகராக இருந்தவன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு பெண்ணின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. கணவனும் மனைவியுமாக வீடு பார்க்க வந்திருந்தார்கள். படுக்கையறை ஜன்னல் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் பெண் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, திரைச்சீலைக்காக ஜன்னலின் நீள அகலத்தை அளந்தார். எழுதக் காகிதம் இல்லை. இடது உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். வாசற்படியில் நின்றிருந்த உரிமையாளர் அதைப் பார்த்தார். நூற்றுக்கு ஐந்து வரை இறங்கி வருகிறேன் என்று அன்று காலை என்னிடம் சொல்லியிருந்த மனிதர் அவர். இரவு தொலைபேசியில் அழைத்து, "இறங்க வேண்டியதில்லை, அவர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள்" என்றார். வாங்கினார்கள், கேட்ட விலைக்கே. எனக்குத் தரகுப் பணம் கொடுத்தவர் உரிமையாளர். அதனால் அந்தத் தம்பதியிடம் நான் வாய் திறக்க முடியவில்லை. அந்த ஐந்து பங்கு எத்தனை மாதச் சம்பளமாக இருந்திருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன்.

ஆசை, உச்சவரம்பு, கெடு. உங்களிடமிருந்து கசிந்தவை இந்த மூன்றும். ஆசை தெரிந்துபோனதால் பெரிய நஷ்டம் இல்லை. பிடிக்காத வீட்டுக்கு யாரும் பேரம் பேச வருவதில்லை. உங்கள் கையைக் கட்டிப் போட்டிருப்பது அந்த இரண்டு மாதக் கெடு. முதலில் அதைத் தளர்த்துங்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் இன்னும் மூன்று, நான்கு மாதம் தங்க முடியுமா என்று கேளுங்கள். வாடகையைச் சற்றுக் கூட்டிக் கேட்டாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் குறுகிய காலத்துக்கு வேறு இடம் பாருங்கள். அதற்கு ஆகும் செலவையும், வீட்டு விலையில் நூற்றுக்கு மூன்று குறைந்தால் மிஞ்சும் தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பிடவே வேண்டியிருக்காது. ஏற்பாடு முடிந்ததும், எங்களுக்கு அவசரம் இல்லை என்று தரகரிடம் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் நம்ப மாட்டார்.

அடுத்து, இன்னொரு வீட்டை உண்மையாகவே தேடுங்கள். உரிமையாளரை மிரட்டுவதற்காகப் பார்ப்பது போல நடிப்பதில் பயன் இல்லை. நடிப்பவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். "வேறு வீடும் பார்க்கிறோம்" என்பார்கள், அது எந்தத் தெரு என்று கேட்டால் விழிப்பார்கள். நிஜமாகவே போய்ப் பார்த்து, பத்திரங்களை வாங்கிப் படித்து, பழுதுச் செலவைக் கணக்கிட்டு, இது கிடைக்காவிட்டால் அதை வாங்கலாம் என்று இருவரும் மனதார ஒத்துக்கொண்ட இரண்டாவது வீடு ஒன்று இருக்கட்டும். அப்போது உங்கள் குரலே மாறிவிடும். பேரத்தில் கை ஓங்குவது பேச்சுத் திறமையால் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், வாய் பேசத் தெரியாதவர்கள்கூட எழுந்து போகத் தயாராக இருந்தபோது நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

உச்சவரம்பைச் சொல்லிவிட்டீர்கள்; சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் அந்தத் தொகை, வீட்டை முழுதாக ஆராய்வதற்கு முன் சொன்னது. இப்போது நம்பகமான ஒரு பொறியாளரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். சுவரின் அடிப்பாகத்தில் பூச்சு உப்பிப் பொரிந்திருந்தால் அது ஓதம், அதாவது சுவரில் ஏறிய ஈரம். விரல் கணுவால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். மின்கம்பிகள் எத்தனை ஆண்டுப் பழையவை, கூரையில் கசிவு உண்டா, கழிவுநீர் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்துச் செலவை எழுதி வாங்குங்கள். "எங்களால் முடிந்தது மொத்தமே இவ்வளவு, அதில் பழுதுக்கு இவ்வளவு போகும், மீதி இதுதான்" என்று சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தத் தாளை உரிமையாளர் கையிலேயே கொடுங்கள்.

தரகரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர் ஆதாயம் எதில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் அமெரிக்காவில் சிகாகோ பகுதியில் நடந்த ஏறத்தாழ 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். விலை சற்று ஏறினாலும் இறங்கினாலும் தரகுப் பணத்தில் பெரிய மாற்றம் இல்லை; வியாபாரம் முடியாமல் போனால்தான் நஷ்டம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த அவசரம் உங்களைத் தள்ளுவதைப் போலவே விற்பவரையும் தள்ளும். வங்கியிலிருந்து கடனுக்கான முன் ஒப்புதல் கடிதத்தை வாங்கி, பத்திரப் பதிவுக்கு எந்த வாரம் தயார் என்பதையும் சேர்த்துத் தரகரிடம் கொடுங்கள். உறுதியான ஆள் என்று தெரிந்தால், குறைந்த விலைக்கு அவரே உங்களுக்காக வாதாடுவார்.

கேள்வி: விலையை முதலில் யார் சொல்வது நல்லது?

பதில்: வீடு விற்பனைக்கு வரும்போதே விலையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் விற்பவர்தான் முதலில் பேசியிருப்பார். அந்த எண் உங்கள் மனத்தில் ஆணி அடித்துவிடும் என்பதுதான் கவலை. நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள தரகர்களுக்கும் சுற்றிக் காட்டினார்கள். கேட்கும் விலையை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றிக் கொடுத்தார்கள். அதிக விலை பார்த்தவர்கள் வீட்டை அதிகமாக மதித்தார்கள், குறைந்த விலை பார்த்தவர்கள் குறைவாக மதித்தார்கள். தொழில் தெரிந்த தரகர்களும் தப்பவில்லை. ஆனால் கேட்ட விலையை வைத்து மதித்தோம் என்று அவர்களில் மிகச் சிலரே ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே, கேட்கும் விலையைப் பார்ப்பதற்கு முன்பே அதே பகுதியில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை விசாரித்து, உங்கள் மதிப்பை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது "கொஞ்சம் குறையுங்கள்" என்று ஒருபோதும் ஆரம்பிக்காதீர்கள். அவர் விலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். உங்கள் தொகையைச் சொல்லுங்கள், எப்படி வந்தது என்று ஒரு வரியில் விளக்குங்கள், பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். பொறுக்க முடியாமல் தங்கள் தொகையைத் தாங்களே உயர்த்திக்கொண்டவர்கள் ஏராளம்.

கேள்வி: முன்பணம் கொடுத்த பிறகு குறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கான வழியைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, ஆய்வில் பெரிய பழுது தெரிந்தாலோ, பத்திரத்தில் சிக்கல் இருந்தாலோ முன்பணம் இத்தனை நாளில் முழுதாகத் திரும்ப வர வேண்டும் என்ற வாசகத்தை உங்கள் வழக்கறிஞரே எழுதட்டும். வாய்வார்த்தையாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் முன்பணத்தை நீட்டாதீர்கள். ஒருமுறையாவது மழை பெய்த மறுநாள் வீட்டைப் போய்ப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.