கீபோர்டு ரிதம் மெஷின் மாதிரி கேக்குதா? வாயால தகிட சொல்லிட்டே அடிங்க

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் கீபோர்டு வச்சு கல்யாணத்துலயும் கோயில் பஜனையிலயும் வாசிக்கிறேன். நம்ம ஊரு சேகா பாட்டுக்கு நானே ஒரு ஸ்டைல் (கீபோர்டு தானா வாசிக்கிற தாளக்கட்டு) செஞ்சேன், தாளம் பிசகல, ஆனா உயிரே இல்ல. என்ன பண்ணலாம்?"

தம்பி, பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் நடந்திருக்கும், ஒண்ணு எல்லா அடியும் ஒரே வெலாசிட்டி, அதாவது ஒரே அழுத்தம், இன்னொண்ணு முழுசா குவான்டைஸ், அதாவது எல்லா அடியும் இம்மி பிசகாம கணக்கான இடத்துல இழுத்து வச்சது. முதல்ல வெலாசிட்டிய சரி பண்ணுங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

மரவான் ஆட்டுறவங்க கையப் பாத்திருப்பீங்க. கரும்புப் பூத்தண்டுல செஞ்ச அந்தப் பெட்டி இந்தப் பக்கம் போகும்போது ஒரு சத்தம், திரும்பி வரும்போது கொஞ்சம் கம்மியா ஒரு சத்தம், உள்ள இருக்க விதை ரெண்டு தடவையும் ஒரே மாதிரி விழாது. சேகா 6/8, நம்ம கணக்குல தகிட தகிட. கீபோர்டுல மரவானுக்குப் பதிலா போடுற ஷேக்கர் சத்தத்துக்கு அந்த ஆறு அடிக்கும் 96, 58, 70, 86, 54, 74னு போட்டுக் கேளுங்க. இந்த நம்பரே வேணும்னு இல்ல, முதல் 'த' கனமா, ரெண்டாவது 'த' அதைவிடக் கொஞ்சம் கம்மியா, 'கி' தாழ்ந்து, 'ட' அடுத்த 'த'வை இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.

சேகாவுல கையால தட்டுற ரவான் மேளமும் அப்படித்தான். ஆட்டுத்தோலு, நடுவுல தட்டுனா கனமா கேக்கும், ஓரத்துல தட்டுனா சுருக்குனு வரும். நீங்க ரவானுக்குப் பதிலா ஒரே கொங்கா (கைமேளம்) கீய திரும்பத் திரும்ப அடிச்சிருந்தா அது கை அடிக்கிற மாதிரி எப்படிக் கேக்கும்? லோ, ஓப்பன், ம்யூட் மூணையும் கலந்து வையுங்க.

அப்புறம் டைமிங். இந்தக் கீபோர்டுல ஒரு க்வார்ட்டர் நோட்டுக்கு 1920 க்ளாக் (நேரத்தோட சின்னத் துண்டு), டெம்போ 100ல அது 600 மில்லிசெகண்ட், அதாவது 32 க்ளாக் தள்ளுனா 10 மில்லிசெகண்ட். கிக்கை அப்படியே விட்டுட்டு ஓப்பன் கொங்காவ மட்டும் 30, 40 க்ளாக் பின்னாடி தள்ளிப் பாருங்க, உடனே இடுப்பு அசையும். ஆனா எல்லா பார்லயும் (தாளச் சுத்துலயும்) அதே அளவு தள்ளியே இருக்கணும், கண்டபடி முன்னபின்ன கலைச்சு விட்டா அது மனுஷன் வாசிக்கிறது இல்ல, தாளம் தெரியாதவன் வாசிக்கிறது. நல்ல கலைஞனோட கை ஒரே பக்கமாத்தான் சாயும்.

இதையெல்லாம் எடிட் பண்ணி உக்காந்திருக்குறதைவிட எனக்குப் பிடிச்ச வழி, வாயால தகிட சொல்லிட்டே குவான்டைஸ் இல்லாம நேரா கையால அடிச்சு ரெக்கார்ட் பண்றதுதான். ரெண்டு பார் போதாது, எட்டு பார் அடிங்க, மெயின் செக்ஷன் 32 பார் வரைக்கும் தாங்கும். ரெண்டு பார் லூப்பை பத்து நிமிஷம் கேட்டா யாருக்கும் சலிச்சிடும். ரொம்ப விலகுன அடிய மட்டும் கிட்ட இழுத்து வையுங்க.

மேடையில நாலு பாருக்கு ஒருக்கா ஃபில் (நடுவுல வர்ற சின்ன உருட்டு) அமுக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பாடுறவங்க மூச்சு விடுற இடத்துல மட்டும் போடுங்க. ரிவெர்ப்பும் (எதிரொலி) கொஞ்சம் குறைச்சுக்கங்க.

இன்னொண்ணு, ஸ்டைல்ல ஷேக்கரை ரிதம் 1 சேனல்லயும் மத்த தாளச் சத்தத்தை ரிதம் 2லயும் தனித்தனியா வையுங்க. மரவான் ஆட்ட யாராவது பக்கத்துல வந்து உக்காந்தா ரிதம் 1 சேனலை ஆஃப் பண்ணிட்டு அவங்களை ஆட்ட விடுங்க.