முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா?

பெரும்பாலும் ஆகும். உங்களுக்கு ஆகுமா என்பதை வயிற்றுத் தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோலில் குறுக்கே வெட்டியிருந்தாலும் உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டியது, முயலலாம். 'கிளாசிக்கல்' (மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியது) என்று இருந்தால் வேண்டாம். பிரசவத்தில் இறுகிச் சுருங்குவது மேல்பகுதித் தசைதான். அங்கே போட்ட தையல் வலி எடுப்பதற்கு முன்பேகூட விட்டுவிடலாம். 'இன்வர்ட்டட் டி' (தலைகீழ் 'T' வடிவில் வெட்டியது) என்று இருந்தாலும் ஆபத்து கூடுதல்தான்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஆர்.சி.ஓ.ஜி.யின் வழிகாட்டி (2015) தரும் கணக்கு: முயல்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏற்கெனவே ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு 85 முதல் 90. கர்ப்பப்பைத் தையல் பிரிவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. முதல்முறை குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்ததால் சிசேரியன் என்றால் வாய்ப்பு நல்லது. வலி எடுத்தும் தலை இறங்காமல் நின்றுபோனது என்றால் சற்றுக் குறைவு.

தானாக வலி வருவதே நல்லது. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் தையல் பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். பலூன் குழாய் வைத்துக் கர்ப்பப்பை வாயைத் திறக்கவைப்பதில் ஆபத்து குறைவு. வலி வரவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை மட்டும் கூடாது, அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏ.சி.ஓ.ஜி.யின் வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

தையல் பிரிந்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் இதயத்துடிப்புதான். அதனால் வலி தொடங்கியதிலிருந்து அந்தத் துடிப்பைப் பதிவு செய்யும் சி.டி.ஜி. கருவி தொடர்ந்து ஓட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பது போதாது. இரண்டு வலிகளுக்கு நடுவிலும் விடாத வலி, சிறுநீரில் ரத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென நிற்பது, இறங்கிய தலை மேலே போவது ஆகியவையும் அறிகுறிகள். எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போட்டுக்கொள்ளத் தடையில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: "ராத்திரி 2 மணிக்கு அவசரம் என்றால் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் மூன்றும் உடனே கிடைக்குமா?" பதிலில் இழுப்பு தெரிந்தால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள்.

ஸ்கேனில் நஞ்சு (பிளசென்டா) கீழே, பழைய தையல்மேல் ஒட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிசேரியன்தான் என்று முடிவானால் வேறு பிரச்சினை இல்லாதவரை 39 வாரம் முடிந்தபின் நாள் குறிப்பார்கள். அதற்குமுன் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி, ஃபைலில் எழுதி வாங்கிவிடுங்கள்.