டோயிக்ல நல்ல ஸ்கோர், வாய்தான் திறக்க மாட்டேங்கறார்

கேள்வி: ஜப்பான்ல யோகோஹாமால இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பது தாண்டினவர், வாராவாரம் எங்கிட்ட இங்கிலீஷ் பேசக் கத்துக்க வர்றார். டோயிக்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட்ல நல்ல ஸ்கோர். ஆனா நான் ஏதாவது கேட்டா பேசாம உக்காந்துடறார், கடைசில பதிலையும் நானே சொல்ல வேண்டியதா இருக்கு. கிராமர்லேருந்து ஆரம்பிக்கணுமா?
- ஒரு வாசகி

பதில்: கிராமர் வேண்டவே வேண்டாம்ங்க. அவர் வயசுக்காரங்க ஜூனியர் ஹைஸ்கூல், ஹைஸ்கூல்னு வருஷக்கணக்கா இங்கிலீஷ் படிச்சவங்க, ஆனா படிச்சது பெரும்பாலும் வரிக்கு வரி ஜப்பானீஸ்ல மாத்தி எழுதறதுதான், எல்லாம் எக்ஸாமுக்காக. பெரும்பாலானவங்க எழுதற டோயிக்கும் லிசனிங், ரீடிங் மட்டும்தான், 990க்கு 990 வாங்கினாலும் வாயைத் திறக்க வேண்டியதில்ல. வாக்கியத்த மனசுக்குள்ளயே முழுசா கட்டி, சரி பாத்துட்டுதான் வெளிய விடணும்னு பழகிட்டார், அதுக்குத்தான் அவ்ளோ நேரமாகுது.

அதனால நீங்க காத்திருக்கணும். பேச்சு நின்னாலே நமக்கு பரபரன்னு வரும், உடனே எதையாவது சொல்லிடுவோம், அங்க யோசிச்சு பதில் சொல்றது மரியாதைக்குறைவு இல்ல. நீங்க முந்திக்கிட்டா அவர் கட்டிக்கிட்டிருந்த வாக்கியம் அப்படியே நின்னு போயிடும்.

இன்னொண்ணு, உங்களை சென்செய்னு, அதாவது வாத்தியார்னு நினைச்சுட்டார்னா நீங்க நடத்தணும், அவர் கேட்டுக்கணும்னு ஆயிடும். அத திருப்பிப் போடுங்க. அவருக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாத விஷயத்த கேளுங்க. யோகோஹாமால குப்பைய பிரிச்சுப் போடறது பெரிய கணக்கு, எத எந்தக் கிழமை வைக்கணும், பிளாஸ்டிக் எதுல சேரும்னு நிஜமாவே சந்தேகம் இருந்தா அவர்கிட்டயே இங்கிலீஷ்ல கேளுங்க. உங்களுக்கு உதவணும்ங்கற எண்ணம் வந்துட்டா தப்பு வந்துடுமோங்கற பயம் தானா பின்னாடி போயிடும், நான் திரும்பத் திரும்ப பாத்தது இது. நடுவுல நிறுத்தித் திருத்தாதீங்க, முடிச்சப்புறம் ஒண்ணு ரெண்டு போதும். புரிஞ்சுதான்னும் கேக்காதீங்க, தலையாட்டறது பல நேரம் நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு காட்டறதுக்கு.

உச்சரிப்புல ஆர், எல் குழப்பத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். மில்க்க மிருக்குன்னு, அங்கங்க ஒரு உயிரெழுத்த ஒட்டிக்கறாங்க பாருங்க, கேக்கறவங்கள அதுவும் குழப்பும். அதுக்கு ஷேடோயிங் நல்லது, ஆடியோ ஓட ஓட ஒரு நொடி பின்னாலயே சொல்லிக்கிட்டு போறது. ஆனா அத வீட்ல தனியா செய்யட்டும், உங்க கூட இருக்கற நேரம் முழுக்க பேசறதுக்கு.